கணக்கு வாத்தியார் பேர் என்ன

ஆகஸ்ட் 2, சனி

மாடி டாக்டர் சொன்னதால் எழுதுகிறேன். நான் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கு மேலேதான் அவருடைய கிளினிக். பிரஷர் பார்த்துவிட்டு, "நாகஜோதி, கோபம் வந்தா கத்தாதீங்க. எங்கேயாவது எழுதி வைங்க" என்றார். எழுதினால் குறையும் என்றால் இத்தனை மாத்திரை எதற்கு விற்கிறோம். ஆனாலும் பொங்கல் சமயத்தில் மெடிக்கல் ரெப் கொடுத்த டைரி மேசைக்குள் சும்மாதான் கிடந்தது. பக்கத்துக்குப் பக்கம் இருமல் மருந்து விளம்பரம். மிச்ச இடத்தில் எழுத வேண்டியதுதான்.

இன்று இலக்கியா பள்ளிக்கூடத்தில் பெற்றோர் ஆசிரியர் கூட்டம். அவள் ஒன்பதாம் வகுப்புக்கு வந்தபிறகு முதல் கூட்டம். முதலாளியிடம் கெஞ்சி அரைநாள் லீவு வாங்கி, கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். கூட்டம் என்று பெயர்தான். யாரும் கூடவில்லை, யாரும் பேசவில்லை. பெரியாஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டுக்கு நிற்கிற மாதிரி வராந்தாவில் வரிசை. பிள்ளைகள் எல்லாம் அவரவர் அம்மா பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நிற்கின்றன. காலையில் போய் நின்றவள், உள்ளே போகும்போது மதியச் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது.

கிளாஸ் டீச்சர் அனுசுயா மிஸ். இங்கிலீஷ் எடுக்கிறவர். என்னை விடச் சின்ன வயசுதான் இருக்கும். தலையை நிமிர்த்தாமலே, "இலக்கியாவா? மேத்ஸ்ல பதினொன்னு. மத்ததெல்லாம் சுமார்" என்றார்.

"நான் என்ன மிஸ் செய்யணும்?"

"வீட்டுல கொஞ்சம் கவனிங்கம்மா."

"எப்படிக் கவனிக்கணும்?"

"போன் குடுக்காதீங்க."

"அவகிட்ட போனே கிடையாது மிஸ். என் போன் ஒன்னுதான். அதையும் நான் கடைக்கு எடுத்துட்டுப் போயிருவேன்."

அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. பிறகு இலக்கியாவைப் பார்த்தார். "சரி, அடுத்தவங்க வாங்க" என்றார்.

இதற்கா நான் அரைநாள் நின்றேன்? வராந்தாவை விட்டு இறங்கும்போது உடம்பெல்லாம் எரிந்தது. வீட்டுக்கு வந்து இலக்கியாவுக்கு முதுகில் இரண்டு போட்டேன். போடாமல் வேறு என்ன செய்வது. பதினொன்று வாங்குகிறவளைக் கொஞ்சவா முடியும்? அவள் அழவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.


ஆகஸ்ட் 3, ஞாயிறு

துணி துவைத்தேன். தண்ணீர் பாதியில் நின்றுவிட்டது. மத்திக் குழம்பு வைத்தேன். இலக்கியா சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

இவர் சோலாப்பூரிலிருந்து போன் பண்ணினார். லாரியில் வெங்காயம் ஏற்றக் காத்திருக்கிறாராம். மார்க்கைச் சொன்னேன். "படிப்பா, விடு" என்றார். இவருக்கு எல்லாமே விடு. ரோட்டில் எவன் குறுக்கே வந்தாலும் ஹாரன் அடிக்கத் தெரிகிறது. வீட்டு விஷயம் என்றால் விடு.


ஆகஸ்ட் 11, திங்கள்

டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். "எழுதறீங்களா?" என்றார். எழுதுகிறேன் என்றேன்.


ஆகஸ்ட் 20, புதன்

நானே கணக்குச் சொல்லிக் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். பத்தாம் வகுப்பில் எனக்குக் கணக்குதான் நல்ல மார்க். புத்தகத்தைத் திறந்து, "இந்தப் பாடம் முடிஞ்சிருச்சா?" என்றேன். தலையாட்டினாள். அதில் ஒரு கணக்கைக் காட்டிப் போடச் சொன்னேன். பென்சிலைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தாள். அதற்கு முந்தின பாடத்தைத் திருப்பினேன். அதுவும் தெரியவில்லை. முதல் பாடத்துக்குப் போனேன். அதில் மட்டும் கடகடவென்று போட்டாள், தப்பே இல்லாமல்.

"இது மட்டும் எப்படித் தெரியுது? மத்ததெல்லாம் ஏன் தெரியலை? கிளாஸ்ல தூங்கறியா?"

பதில் இல்லை.

"வாயில கொழுக்கட்டையா வெச்சிருக்க?"

புத்தகத்தால் மேசையில் ஓங்கி அடித்தேன். மேசையில்தான் அடித்தேன். அவள் காதைப் பொத்திக்கொண்டாள். பக்கத்து வீட்டில் டி.வி. சத்தத்தைக் குறைத்தார்கள், என்ன நடக்கிறது என்று கேட்பதற்கு. கேட்கட்டும்.


ஆகஸ்ட் 28, வியாழன்

இன்று ஒரு விஷயம் தெரிந்தது. எழுத்து கோணலாக வருகிறது.

ஷர்மிளா பானு மாமியாருக்குச் சுகர் மாத்திரை வாங்க வந்தார். பேகம்பூரில் வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு பிளவுஸ் தைக்கிறவர். அவருடைய மகள் அஃப்ரினும் இலக்கியாவும் ஒரே வகுப்பு. மாத்திரை அட்டையைப் பையில் போட்டுக்கொண்டே, "உங்க பிள்ளையைக் கணக்குக்கு எங்கக்கா டியூஷன் விட்டிருக்கீங்க?" என்றார்.

"டியூஷன் எதுக்கு? ஸ்கூல்ல நடத்தறதையே கவனிக்க மாட்டேங்கறா."

"ஸ்கூல்ல யார் நடத்தறா?"

"ஏன், கணக்கு சார் இருப்பார்ல?"

ஷர்மிளா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அக்கா, உங்களுக்குத் தெரியாதா? அவர் ஜூன் மாசமே போயிட்டாராமே. முதல் பாடம் நடத்தி முடிச்சதோட சரி. அதுக்கப்புறம் ஆளே போடலை. கணக்கு பீரியட்ல பி.டி. சார் வந்து உக்காந்திருக்காராம், சத்தம் போடாம பார்த்துக்க. அஃப்ரின் அழுதுகிட்டே சொல்லுச்சு."

கடையில் நாலு பேர் நின்றார்கள். யாருக்கு என்ன கொடுத்தேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை. முதலாளி ஒரு தடவை அதட்டினார்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டேன். "கணக்கு சார் இல்லையா?"

"இல்ல."

"எப்ப இருந்து?"

"ஜூன்ல இருந்து."

"அப்புறம் ஏன்டி என்கிட்ட சொல்லலை?"

"வீட்டுல போய்ச் சொல்லக் கூடாதுன்னு பிரின்சிபால் மேடம் கிளாஸுக்கு வந்து சொன்னாங்க. சீக்கிரம் புது சார் வந்துருவாராம்."

"அவங்க சொன்னா? நான் உன்னைப் பெத்தவ. என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

அவள் பள்ளிக்கூடப் பையைத் தோளிலிருந்து இறக்காமலே நின்றாள். "சொன்னா மட்டும்?" என்றாள். அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள்.

சொன்னா மட்டும் என்றால் என்ன அர்த்தம்? இந்த வயதுப் பிள்ளைகளுக்கு வாய் மட்டும் நன்றாக வளர்ந்திருக்கிறது.

ஆசிரியர் இல்லாமல் பரீட்சை வைத்து, அதில் பதினொன்று என்று எழுதி, அதை என்னிடம் காட்டி, வீட்டில் கவனி என்று சொல்லியிருக்கிறார்கள். நானும் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறேன்.


ஆகஸ்ட் 29, வெள்ளி

பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை. "மீட்டிங் அன்னைக்குத்தான் பேரன்ட்ஸ் உள்ள வரலாம்" என்றார். ஆபீசுக்குப் போன் போட்டேன். எடுத்த பெண்ணும் அதையேதான் சொன்னாள். அடுத்த கூட்டம் காலாண்டுப் பரீட்சை முடிந்து அக்டோபரில்.

சரி. அக்டோபரில் வருகிறேன்.


செப்டம்பர் 9, செவ்வாய்

ஊரில் யாருக்குத்தான் மருந்து வேண்டாம். கடைக்கு வருகிறவர்களில் அந்தப் பள்ளிக்கூடத்து ஆட்கள் நிறையப் பேர். காய்ச்சல் மருந்து கொடுக்கும்போதே கேட்கிறேன், ஒன்பதாம் வகுப்பில் பிள்ளை இருக்கிறதா என்று. இருக்கிறது என்றால் சொல்கிறேன். பாதிப் பேருக்குத் தெரியவே தெரியாது. தெரிந்தவர்களும் அவரவர் டியூஷனில் சேர்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்கிறார்கள்.

"கூட்டத்தன்னைக்கு எல்லாரும் சேர்ந்து போய்க் கேப்போம். தனித்தனியா நின்னா தனித்தனியாதான் துரத்துவாங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். "கண்டிப்பா வர்றோம்க்கா" என்கிறார்கள். போஸ்ட் ஆபீஸில் வேலை பார்க்கும் சவரிமுத்து அண்ணன், "நீங்க ஆரம்பிச்சு வைங்க தங்கச்சி, பின்னாடி நான் நிக்கிறேன்" என்றார்.

முதலாளி, "நாகஜோதி, இது மருந்துக்கடை, கட்சி ஆபீஸ் இல்ல" என்றார். வாயை மூடிக்கொண்டு இன்சுலினை ஃபிரிட்ஜில் அடுக்கினேன்.


செப்டம்பர் 18, வியாழன்

கணக்குப் பரீட்சை. எப்படி எழுதினாய் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.


அக்டோபர் 11, சனி

எல்லாம் நாசமாகப் போனது.

கேட்டிலேயே டோக்கன் கொடுத்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு நேரம், ஒரு அறை. யாரும் யாரையும் பார்க்க முடியாதபடி பிரித்துவிட்டார்கள். நாங்கள் பேசி வைத்தது எப்படியோ அவர்கள் காதுக்குப் போயிருக்கிறது. ஷர்மிளாவுக்குச் சாயங்காலம் வரச் சொல்லி டோக்கன். சவரிமுத்து அண்ணன் வரவேயில்லை. மனைவியை அனுப்பியிருந்தார். அந்த அம்மா என்னைக் கண்டதும் புடவைத் தலைப்பைச் சரிசெய்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டது.

நான் என் அறைக்குப் போனேன். அனுசுயா மிஸ் உட்கார்ந்திருந்தார். இலக்கியா என் பக்கத்தில்.

"மேத்ஸ்ல ஒன்பது" என்றார்.

"யார் நடத்தி ஒன்பது?"

மிஸ் கதவைப் பார்த்தார். "கொஞ்சம் மெதுவா பேசுங்கம்மா" என்றார்.

"ஏன் மெதுவா பேசணும்? நான் திருடிட்டா வந்திருக்கேன்? ஜூன்ல இருந்து கணக்குக்கு ஆள் இல்லைங்கறதை ஏன் மறைச்சீங்க? போன தடவை என் மூஞ்சியைப் பார்த்து வீட்டுல கவனிங்கன்னு சொன்னீங்களே, சொல்லும்போது நாக்கு கூசலையா?"

"அம்மா, நான் சொல்லக் கூடாதுன்னு—"

"நீங்க சொல்லக் கூடாது, பிள்ளைங்க சொல்லக் கூடாது, நான் மட்டும் வந்து தலையைக் குனிஞ்சுட்டுப் போகணும். உங்களுக்குப் பிள்ளை இருக்கா? இருந்தா இப்படிச் செய்வீங்களா? சம்பளம் வாங்கற கைக்கு வெட்கமா இல்ல?"

இன்னும் நிறையச் சொன்னேன். அவ்வளவையும் இங்கே எழுத வேண்டியதில்லை. வராந்தாவில் கூட்டம் கூடிவிட்டது. இத்தனை நாள் வராத கூட்டம் அப்போது வந்தது, வேடிக்கை பார்க்க. மிஸ் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருந்தது, துடைக்கவும் இல்லை. எனக்கு அது நடிப்பாகத்தான் பட்டது.

பிரின்சிபால் வந்தார். விமலா ராணி மேடம். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தணிந்த குரலில், "இந்த மாதிரி பேரன்ட் எங்களுக்கு வேண்டாம். உங்க பொண்ணு பத்தாவதுக்கு இங்க ஒத்து வர மாட்டா. எங்க ஸ்கூல் நூத்துக்கு நூறு ரிசல்ட் காட்டற ஸ்கூல். வருஷக் கடைசியில டி.சி. வாங்கிக்கோங்க" என்றார்.

நான் பேசத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் இலக்கியா அறையை விட்டுப் போய்விட்டாள். தேடினால் சைக்கிள் ஸ்டாண்டில் நிற்கிறாள். ஆட்டோவில் வரும்போது என் பக்கம் திரும்பவே இல்லை. இவளுக்காகத்தான் அவ்வளவு பேசினேன். நன்றி கெட்ட பிள்ளை.


அக்டோபர் 12, ஞாயிறு

இவர் ஹூப்ளியிலிருந்து பேசினார். "மன்னிப்புக் கேட்டுரு ஜோதி. பள்ளிக்கூடத்தைப் பகைச்சுட்டு நடுவுல எங்க கொண்டுபோய்ச் சேர்க்கறது?" என்றார்.

"நீங்க வந்து கேளுங்க" என்று வைத்துவிட்டேன்.


அக்டோபர் 17, வெள்ளி

தீபாவளிக் கூட்டம் பஜாரில். கடையில் தீக்காயத்துக்குக் களிம்பு கூடுதலாக வாங்கி அடுக்கினோம்.

இலக்கியா ஆறு நாளாகப் பேசவில்லை. இன்று இட்லிக்கு ஊறப்போட்டதை ஆட்டிக்கொண்டிருந்தபோது சமையலறை வாசலில் வந்து நின்றாள். கிரைண்டர் சத்தத்தில் அவள் சொன்னது கேட்கவில்லை. நிறுத்தினேன்.

"அனுசுயா மிஸ் இன்னைக்கு ஸ்கூலுக்கு வரலை. மூணு நாளா வரலை."

"அதுக்கு?"

"மிஸ்தான் எங்களுக்குக் கணக்குச் சொல்லித் தருவாங்க. சாயங்காலம் பெல் அடிச்சதுக்கப்புறம். யாருக்கும் தெரியாம லேப்ல வெச்சு. எனக்கு, அஃப்ரினுக்கு, இன்னும் நாலு பேருக்கு."

"அவங்க இங்கிலீஷ் மிஸ்தானே?"

"ஆமா. அவங்களுக்கே கணக்கு வராது. வீட்டுல புத்தகம் பார்த்துப் படிச்சுட்டு வந்து சொல்லித் தருவாங்க. தப்பா போட்டுட்டா ஸாரி சொல்லி அழிச்சுட்டு மறுபடி போடுவாங்க. ரெண்டாவது பாடமே இன்னும் முடியலை. பிரின்சிபால் மேடத்துக்குத் தெரிஞ்சா வேலை போயிரும்னு சொன்னாங்க. நீ அவங்களைத்தான் அவ்ளோ பேர் முன்னாடி திட்டுன."

மாவு கையோடு நின்றேன்.

"இதை நீ முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்றேன்.

"நீ கேக்கவே இல்ல" என்றாள். "நீ எதையும் கேக்க மாட்ட. கைக்கு யார் எட்டறாங்களோ அவங்களைத்தான் போடுவ."

இப்படிப் பேச யார் கற்றுக் கொடுத்தது என்று தெரியவில்லை. விஷயம் தெரியாமல் நான் எப்படி வேறு மாதிரிப் பேசியிருக்க முடியும்? நெற்றியில் எழுதி ஒட்டியிருந்ததா? எழுதும்போதே மறுபடியும் கொதிக்கிறது. டாக்டரிடம் கேட்க வேண்டும், எழுதினால் குறையும் என்று யார் அவருக்குச் சொன்னது என்று.


அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. இவர் வரவில்லை. இலக்கியா ஒரு வெடிகூட வெடிக்கவில்லை.


நவம்பர் 4, செவ்வாய்

பள்ளிக்கூடத்திலிருந்து போன். ஒன்பதாம் வகுப்பில் "வீக் ஸ்டூடன்ட்ஸ்" பெற்றோரையெல்லாம் சனிக்கிழமை கரஸ்பாண்டென்ட் சந்திக்கிறாராம். பள்ளிக்கூடத்தின் முதலாளி அவர்தான். ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டு, டி.சி. வாங்கிக்கொள்ள ஒத்துக்கொள்ள வைக்கப்போகிறார்கள். ஷர்மிளாவுக்கும் போன் வந்திருக்கிறது. சவரிமுத்து அண்ணனுக்கும்.

அண்ணன் கடைக்கு வந்தார். எதுவும் வாங்கவில்லை. கண்ணாடி மேசையைத் தடவிக்கொண்டே நின்றார். "அன்னைக்கு நான் வந்திருக்கணும் தங்கச்சி" என்றார்.

"வந்திருக்கணும்" என்றேன். வேறென்ன சொல்ல.

"என் பையனுக்கும் டி.சி.ன்னா நான் எங்க போவேன்?"

"சனிக்கிழமை வாங்க. உள்ள கூப்பிட்டா போகாதீங்க. ஹால்லயே உக்காருங்க. ஒரே ஒரு கேள்விதான் கேக்கப் போறோம். சத்தம் போட வேண்டாம், திட்ட வேண்டாம். ஒரே கேள்வி."

கேள்வியைச் சொன்னேன். அண்ணன் தலையை ஆட்டினார்.


நவம்பர் 8, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஹாலில் இருபது பேருக்குக் குறையாமல் இருந்தோம், பிள்ளைகளோடு. பியூன் வந்து முதல் பெயரைக் கூப்பிட்டார். ஷர்மிளாவின் பெயர். "இங்கேயே இருக்கோம், சாரை வரச் சொல்லுங்க" என்றார் ஷர்மிளா. இரண்டாவது பெயர் கூப்பிட்டார். அவரும் எழுந்திருக்கவில்லை. மூன்றாவது ஆள் எழுந்தார், மற்றவர்களைப் பார்த்தார், உட்கார்ந்துவிட்டார். பியூன் உள்ளே போனார். ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. ஃபேனைக்கூட நிறுத்திவிட்டார்கள்.

கடைசியில் கரஸ்பாண்டென்ட் வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, சிரித்த முகம். பின்னால் பிரின்சிபால். அவருக்குப் பின்னால் அனுசுயா மிஸ். இளைத்துப் போயிருந்தார். என் பக்கம் பார்க்கவில்லை.

"சொல்லுங்க, என்ன பிரச்சனை?" என்றார் கரஸ்பாண்டென்ட்.

நான் எழுந்தேன். "சார், ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு வாத்தியார் பேர் என்ன?"

"உக்காருங்கம்மா. எங்க ஸ்கூல் இருபது வருஷமா—"

"சரிங்க சார். கணக்கு வாத்தியார் பேர் என்ன?"

"ஸ்டாஃப் விஷயமெல்லாம் நிர்வாகம் பார்த்துக்கும். பிள்ளைங்க படிக்காததுக்கு—"

பின் வரிசையிலிருந்து ஷர்மிளா எழுந்தார். "பேரு மட்டும் சொல்லுங்க சார்."

"இது என்ன, பேசி வெச்சுட்டு வந்தீங்களா?"

சவரிமுத்து அண்ணன் எழுந்தார். முன்னால் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "கணக்கு வாத்தியார் பேர் என்ன சார்?"

ஒவ்வொருவராக எழுந்து அதையே கேட்டார்கள். யாரும் கத்தவில்லை. நான்கூடக் கத்தவில்லை. நகத்தால் உள்ளங்கையைக் கிள்ளிக்கொண்டு நின்றேன். கரஸ்பாண்டென்ட் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. பிரின்சிபால் அவர் காதில் ஏதோ சொன்னார். அவர் திரும்பி அனுசுயா மிஸ்ஸைக் கை காட்டினார்.

"இவங்கதான் கணக்கு எடுக்கறாங்க. அனுசுயா. சரியா எடுக்கலைன்னு எங்களுக்கும் கம்ப்ளெய்ன்ட் வந்திருக்கு. போன மீட்டிங்ல இந்த அம்மாவே இவங்களைப் பத்தி எவ்வளவு பேசினாங்கன்னு எல்லாரும் பார்த்தீங்க. இவங்க மேல நடவடிக்கை எடுக்கறோம். போதுமா?"

என் வாயாலேயே அந்தப் பெண்ணை வெட்டப் பார்க்கிறான். மிஸ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் சொல்லத்தான் நினைத்தேன். வாயில் வார்த்தை கூடி வருவதற்குள் பக்கத்திலிருந்து இலக்கியா எழுந்துவிட்டாள்.

"மிஸ் இங்கிலீஷ் மிஸ் சார். கணக்கு அவங்க வேலை இல்ல. யாரும் இல்லைன்னுதான் அவங்களா சொல்லித் தந்தாங்க."

நான் என் மகளைப் பார்த்தேன். அவள் தோளைத் தொடலாம் என்று கையைத் தூக்கினேன். தொடத்தான் தூக்கினேன். அவள் சட்டென்று தலையைக் குனிந்து முழங்கையை முகத்துக்கு நேராக மடக்கிக்கொண்டாள். இரண்டு நாற்காலி தள்ளிப் போய் விழப் பார்த்தாள். அஃப்ரின் பிடித்துக்கொண்டது.

எல்லோரும் பார்த்தார்கள். ஷர்மிளா பார்த்தார். மிஸ் பார்த்தார். பிறகு யாரும் என்னைப் பார்க்கவில்லை.

கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இறக்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு சவரிமுத்து அண்ணன்தான் பேசினார். "பேர் சொல்ல முடியலைன்னா சொல்லுங்க சார். கல்வித் துறை சி.இ.ஓ. ஆபீசுல போய் இதே கேள்வியைக் கேட்டுக்கறோம். பிள்ளைங்களையும் கூட்டிட்டுப் போறோம்." கரஸ்பாண்டென்ட் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். ஒரு வாரத்தில் ஆள் போடுகிறேன், யாருக்கும் டி.சி. கிடையாது, அனுசுயா மேல் எந்த நடவடிக்கையும் இல்லை என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வைத்துவிட்டுத்தான் வெளியே வந்தோம்.

ஜெயித்துவிட்டோம். வாசலில் எல்லோரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஷர்மிளா மட்டும் கொஞ்ச நேரம் இலக்கியாவின் தலையைத் தடவிக்கொண்டு நின்றார். "பிள்ளை எங்க வீட்டுக்கு வரட்டும்க்கா, அஃப்ரினோட படிக்கட்டும்" என்றார். ஏன், எங்கள் வீட்டுக்கு என்ன?


நவம்பர் 13, வியாழன்

புது கணக்கு சார் வந்துவிட்டார். அரசுப் பள்ளிக்கூடத்தில் ரிட்டயர் ஆனவராம். பெயர் நமச்சிவாயம். இலக்கியாவே சொன்னாள், கேட்காமலே.

அனுசுயா மிஸ் கடைக்கு வந்தார். தலைவலி மாத்திரை கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. "அன்னைக்கு நான் பேசினது" என்றேன்.

"விடுங்கம்மா. எனக்கும் சொல்லத் தைரியம் இல்ல" என்றார். சில்லறையை எடுத்துக்கொண்டும் போகாமல் நின்றார். "கூட்டத்துக்கு வர்றவங்க எல்லாரும் மார்க் எவ்வளவுன்னு மட்டும்தான் கேக்கறாங்க. வேற ஏதாவது கேட்டா சொல்லலாம்னு நானும் பார்ப்பேன். ஆகஸ்ட்ல நீங்க வந்தப்ப சொல்ல வந்தேன்."

"கணக்கு சார் இல்லைன்னா?"

"அது இல்லம்மா." மிஸ் கடைக்குள் வேறு யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தார். "மத்த பிள்ளைங்க எல்லாம் கணக்குக்காக நின்னாங்க. இலக்கியா அது முடிஞ்சும் நிப்பா. லேப்ல பெஞ்ச் துடைக்கட்டுமா மிஸ்ம்பா. வீட்டுக்குப் போம்மான்னா, இன்னும் கொஞ்ச நேரம் மிஸ்ம்பா."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. என் வீட்டைப் பற்றி இந்தம்மாவுக்கு என்ன தெரியும்? தனியாளாக நின்று நான் என்ன பாடு படுகிறேன் என்று யாருக்குத் தெரியும்? காலையில் எழுந்தால் படுக்கிறவரை ஒரு கை ஓய்கிறதா? வாய் வரைக்கும் வந்தது.

அதற்குள் ஒருவர் மருந்துச் சீட்டை நீட்டினார். மிஸ் போய்விட்டார். சீட்டில் எழுதியிருந்ததை வாசிக்க ரொம்ப நேரம் ஆனது.


நவம்பர் 17, திங்கள்

பிரஷர் குறையவில்லை. "வீட்டுல ஏதாவது டென்ஷனா?" என்றார் டாக்டர். ஒன்றும் இல்லை என்றேன்.


நவம்பர் 28, வெள்ளி

புது சார் வைத்த முதல் டெஸ்ட். பேப்பரை இன்று கொடுத்திருக்கிறார்கள்.

எனக்குக் கடையில் சாயங்காலம் லீவு. வீட்டில் கடலைப்பருப்பு வேகவைத்துக்கொண்டிருந்தேன். இலக்கியா வந்தாள். பையை இறக்கிவைத்தாள். பேப்பரை எடுத்து அடுப்புத் திட்டில் எனக்கு எட்டுகிற தூரத்தில் வைத்துவிட்டு, நாலு எட்டு பின்னால் போய்க் கதவோரம் நின்றுகொண்டாள்.

இருபத்தெட்டு. பாஸ் இல்லை.

எனக்கு ஏறத்தான் செய்தது. பொய் எழுதி என்ன ஆகப் போகிறது. இவ்வளவு பேரைச் சேர்த்து, இவ்வளவு சண்டை போட்டு, வாத்தியாரைக் கொண்டுவந்து நிறுத்தியபிறகும் இருபத்தெட்டா? கரண்டியைப் பிடித்த கை இறுகியது. திரும்பினேன்.

அவள் செருப்பைக் கழற்றாமல் நின்றிருந்தாள். வீட்டுக்குள் செருப்போடு வரவே கூடாது என்பது அவளுக்குத் தெரியும்.

"எதுக்குச் செருப்போட நிக்கிற?"

"வெளிய போய் நிக்கச் சொல்லுவல்ல. போன தடவை தரை சுட்டுச்சு."

குரலில் கோபமோ அழுகையோ இல்லை. மழை வருமா, குடை எடுத்துக்கட்டுமா என்று கேட்கிற மாதிரித்தான் சொன்னாள்.

குக்கரில் விசில் வந்தது. அடுப்பை அணைத்தேன். கரண்டியைத் தொட்டியில் போட்டேன். பேப்பரை எடுத்துப் பார்த்தேன், முதலிலிருந்து. இரண்டாவது பாடத்துக் கணக்கு ஒன்றை முழுதாகப் போட்டிருந்தாள். மூன்றாவது பாடத்தில் பாதி வரை சரி, அதற்குமேல் விட்டுவிட்டாள்.

"இது பாதியில ஏன் நிக்குது?" என்றேன். எவ்வளவு தணித்துக் கேட்டாலும் என் குரல் அதட்டுகிற மாதிரித்தான் வருகிறது.

அவள் என் இரண்டு கையையும் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பேப்பரைத் திட்டில் வைத்துவிட்டு, சமையலறைத் தரையில் உட்கார்ந்தேன். சுவரில் முதுகைச் சாய்த்து, கையை மடியில் வைத்துக்கொண்டேன். உட்கார்ந்தபிறகு மறுபடியும் கேட்டேன்.

"அதுக்கு மேல சார் இன்னும் நடத்தலை" என்றாள்.

"எப்ப நடத்துவாராம்?"

"திங்கக்கிழமை."

"சரி" என்றேன். வேறு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

பருப்பு வாசனை அடித்தது. வாசலில் பால்காரர் மணி அடித்துவிட்டுப் போனார். இரண்டு பேரும் இடத்தை விட்டு அசையவில்லை. ரொம்ப நேரம் கழித்து அவள் குனிந்தாள். ஒரு செருப்பை மட்டும் கழற்றினாள். கொஞ்சம் பொறுத்து, மற்றதையும்.